தேய்ந்த மீற்றர்க் கோல்

முப்பத்தைந்து ஆண்டுகள் விஞ்ஞானம் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். என் வீட்டுப் புத்தக அடுக்கின் மீது பழைய மீற்றர்க் கோல் ஒன்று கிடக்கிறது. ஒரு பக்கத்தில் அங்குலமும் மறுபக்கத்தில் சென்ரிமீற்றரும் பொறிக்கப்பட்ட மரக்கோல் அது. வீட்டுக்கு வருவோர் அதனை எடுத்துப் பார்த்து, "இதனை ஏன் வைத்திருக்கிறீர்கள்?" என்று வினவுவதுண்டு. நானும் ஏதோ ஒரு விடை கூறி அனுப்பிவிடுவேன். அந்தக் கோலின் கதையை இதுவரை எழுத்தில் வைத்ததில்லை. இனி வைக்கத்தான் வேண்டும் என்று தோன்றுகிறது. அது அளவீடு பற்றிய கதை மட்டுமன்று. ஓர் ஆசிரியன் செய்த தவறு பற்றிய கதையுமாகும்.

விஞ்ஞான பாடத்தின் வாயிலில் நிற்பது அளவீடு. நீளத்துக்கு மீற்றர், திணிவுக்குக் கிலோகிராம், நேரத்துக்குச் செக்கன் என்று மாணவர் மனனம் செய்வர். ஆசிரியரும் இரண்டு நாளில் அதனை முடித்துவிட்டு, காந்தம், மின்னோட்டம், ஒளி என்று சுவையான பகுதிகளுக்கு விரைவர். நானும் அவ்வாறே விரைந்தவன். அளப்பதில் கற்பிப்பதற்கு என்ன இருக்கிறது, கோலை வைத்துப் பார்த்து எழுதவேண்டியதுதானே என்பது அந்நாளில் என் எண்ணம்.

மாறிய அளவைகள்

நான் ஆசிரியத் தொழிலில் புகுந்தது 1970களின் நடுப்பகுதியில். இலங்கை அடி, இறாத்தல், கலன் என்னும் ஆங்கில அளவைகளைக் கைவிட்டு மெற்றிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. நாணயத்தில் நாம் எப்போதோ பத்தின் வழிக்கு வந்துவிட்டோம். 1872ஆம் ஆண்டிலேயே ரூபாவை நூறு சதமாக வகுத்துக்கொண்டோம். ஆயினும் நீளமும் நிறையும் அந்த வழிக்கு வர மேலும் ஒரு நூற்றாண்டு சென்றது. சீலைக் கடையில் யார் மீற்றராயிற்று. சங்கக் கடையில் இறாத்தல் கிலோவாயிற்று. கட்டை என்று நாம் வழங்கிய மைல் கிலோமீற்றராயிற்று.

இவற்றுக்கெல்லாம் அடியில் எங்கள் ஊரின் பழைய அளவைகள் வேரோடிக் கிடந்தன. கிணற்றின் ஆழத்தை முழத்தாலும் கடலின் ஆழத்தைப் பாகத்தாலும் சொல்வோர் எங்கள் முன்னோர். அரிசிக்குச் சுண்டும் கொத்தும்; காணிக்குப் பரப்பு. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்று சிறு பிள்ளையும் சொல்லும். நகைக்குப் பவுண், அதனை இன்று எட்டுக் கிராமென்று எழுதுகிறோம். பின்னத்தைக் கூட எம்மவர் விட்டுவைக்கவில்லை. இருபதில் ஒன்று மா, எண்பதில் ஒன்று காணி, முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி எனப் பெயரிட்டு வழங்கினர். ஆகவே அளக்கத் தெரியாதவர்க்கு அளவை கொண்டுவந்து கொடுத்தோம் என்று எவரும் பெருமை பேசவியலாது. எங்கள் அளவைகளில் இருந்த குறை வேறு. ஒரு வீட்டுச் சுண்டு மற்றொரு வீட்டுச் சுண்டாக இருப்பதில்லை. ஒருவன் முழம் மற்றொருவன் முழமன்று.

இதனை மாணவர்க்கு விளக்க எளிய வழி ஒன்று உண்டு. வீட்டில் அரிசி அளக்கும் பேணியை ஒவ்வொருவரும் கொண்டுவரச் செய்து, நீர் நிரப்பி, அளவுச்சாடியில் ஊற்றிப் பார்க்க வேண்டும். எல்லாம் 'ஒரு சுண்டு' என்ற பெயரையே உடையன; நீர்மட்டமோ சாடிக்குச் சாடி வேறுபடும். பொது அலகு எதற்கு வேண்டும் என்று அதன்பின் எவரும் கேட்பதில்லை. இந்தப் பாடத்தை நான் பிற்காலத்தில் நன்றாகவே நடத்தினேன். தொடக்கத்தில் நடத்தியதைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

நூற்றைம்பத்திரண்டு தசம் ஆறு

ஒன்பதாம் வகுப்பு மாணவரை ஆறு குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு மீற்றர்க் கோலைக் கொடுத்து, ஆசிரியர் மேசையின் நீளத்தை முறைமுறையாக வந்து அளக்கும்படி பணித்தேன். மேசை ஒரு மீற்றரிலும் நீண்டது. கோலை இருமுறை வைத்தே அளக்கவேண்டும். முதற் குழுவினர் அளந்து, "நூற்றைம்பத்திரண்டு சென்ரிமீற்றர்" என்று உரக்கக் கூறினர். அடுத்த குழுவுக்கும் அதே விடை. அதற்கடுத்ததற்கும் அதுவே. ஐந்து குழுக்கள் 152.0 என்றே எழுதின. ஆறாவது குழுவுக்காக அளந்தவன் ஒரு தச்சாசாரியாரின் மகன், அமைதியான பையன். அவன் மூன்று முறை அளந்து மூன்றையும் கொப்பியில் எழுதியிருந்தான்: 152.6, 152.6, 152.5.

"ஏன் உனக்கு மட்டும் பிழைக்கிறது?" என்று கேட்டேன்.

"மூண்டு தரம் அளந்தனான் சேர். அப்பிடித்தான் வருது."

"ஐந்து குழுவுக்கு ஒரு விடை, உனக்கு வேறு விடையா? ஒரு தச்சன் மகனுக்கு மேசை அளக்கத் தெரியாதா?"

வகுப்புச் சிரித்தது. நான் சிவப்பு மையினால் அவனுடைய மூன்று எண்களையும் வெட்டி, 'கவனமின்மை' என்று எழுதினேன். அவன் ஒன்றும் சொல்லாமல் கொப்பியை வாங்கிக்கொண்டு போய் அமர்ந்தான்.

இரண்டு நாட்களின் பின் மாலை வேளையில் ஆய்வுகூட அலுமாரியை ஒழுங்குசெய்யும்போது கோல்களை எடுத்து ஒருசேர நிலத்தில் நிறுத்தினேன். ஒன்று மட்டும் கட்டையாக நின்றது. எடுத்துப் பார்த்தேன். பூச்சியம் இருக்கவேண்டிய நுனி தேய்ந்து மழுங்கியிருந்தது. முதற் சென்ரிமீற்றரின் பத்துச் சிறு கோடுகளில் மூன்று இல்லை. ஆண்டுக்கணக்கில் மாணவர் அதனை ஊன்றுகோலாக நிலத்தில் ஊன்றியதன் விளைவு அது.

கணக்கு எளியது. நுனியில் மூன்று மில்லிமீற்றர் இல்லாத கோலை நுனியிலிருந்து வைத்து அளந்தால், வைக்கும் ஒவ்வொரு முறையும் மூன்று மில்லிமீற்றர் கூடுதலாகக் காட்டும். இருமுறை வைத்தால் ஆறு மில்லிமீற்றர். 152.0 என்பது 152.6 ஆகும். அந்தப் பையன் அளந்ததில் பிழையே இல்லை. என் கோலிலும் என் கற்பித்தலிலுமே பிழை. நுனியை நம்பாதே, பத்தாவது சென்ரிமீற்றர்க் கோட்டிலிருந்து அளந்து பத்தைக் கழித்துவிடு என்பது அளவீட்டின் அரிச்சுவடி. அதனை நான் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

அதனினும் வெட்கத்துக்குரிய உண்மை ஒன்று அப்போதுதான் உறைத்தது. ஐந்து குழுக்களும் ஒரு மில்லிமீற்றர் தானும் விலகாமல் 152.0 என்று எழுதியது எப்படி? மனிதர் கையால் அளக்கும்போது கண் சாயும், கோல் நகரும், இடமாறு தோற்றவழு வரும், 151.9 என்றும் 152.1 என்றும் சிதறும். சிதறாத அளவீடுகள் அளக்கப்பட்டவை அல்ல, கேட்டு எழுதப்பட்டவை. அந்த வகுப்பில் அளந்ததை அளந்தபடி எழுதியதாக நான் உறுதியாகச் சொல்லக்கூடியவன் ஒருவனே. அவனைத்தான் நான் வெட்டினேன்.

மறுநாள் வகுப்பில் இதனைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இளம் ஆசிரியன், மதிப்புப் போய்விடும் என்ற அச்சம். தேய்ந்த கோலை அலுமாரியின் பின்புறத்தில் மறைத்து வைத்தேன். அடுத்த வாரம் முதல் அந்தப் பையனுடைய விடைகள் யாவும் பக்கத்து மேசை விடைகளோடு பொருந்திப்போயின. அவன் கெட்டிக்காரன், நான் கற்பித்ததை விரைவில் கற்றுக்கொண்டான். பொதுப் பரீட்சையோடு பாடசாலையை விட்டு நீங்கித் தந்தையின் தொழிலில் சேர்ந்தான் என்று கேள்விப்பட்டேன். சில ஆண்டுகளில் நானும் இடமாற்றம் பெற்றேன். கழிபொருள்களுள் ஒன்றாகிவிட்ட அக்கோலை அதிபரின் அனுமதியோடு என்னுடன் எடுத்து வந்தேன்.

பூமியை அளந்தவர்

மீற்றர் பிறந்த கதையைப் பல ஆண்டுகள் மாணவர்க்குக் கூறிவந்திருக்கிறேன். பிரான்சிலே ஊருக்கொரு கோலும் சந்தைக்கொரு படியுமாக இருந்து, அதனால் ஏழைகள் வஞ்சிக்கப்பட்ட காலத்தில் புரட்சி எழுந்தது. எந்த மன்னனுடைய பாதத்தையும் முழத்தையும் சாராமல், எல்லா மக்களுக்கும் உரிய பூமியிலிருந்தே ஓர் அளவு வேண்டும் என்று அங்குள்ள அறிஞர் கருதினர். வடதுருவத்திலிருந்து மத்தியகோடு வரையுள்ள தூரத்தில் ஒரு கோடியில் ஒரு பங்கே மீற்றர் என்று 1791ஆம் ஆண்டில் முடிவாயிற்று. ஒரு மீற்றரின் பத்திலொரு பங்கை ஒவ்வொரு பக்கமாகக் கொண்ட கனவுரு கொள்ளும் நீர் ஓர் இலீற்றர். அந்த நீரின் திணிவு ஒரு கிலோகிராம். நீளமும் கொள்ளளவும் திணிவும் ஒரே நூலிற் கோக்கப்பட்ட மணிகளாயின. இந்த எழிலுக்காகவே மெற்றிக் முறையை விரும்பிக் கற்பித்தேன்.

அந்தத் தூரத்தை அளக்க 1792இல் புறப்பட்டவர் இருவர். டன்கேர்க்கிலிருந்து ரொடேஸ் வரையுள்ள வடபகுதி தெலாம்பர் என்பாருக்கும், ரொடேஸிலிருந்து ஸ்பெயினின் பார்சலோனா வரையுள்ள தென்பகுதி மெஷேன் என்பாருக்கும் ஒப்படைக்கப்பட்டன. ஓர் ஆண்டில் முடியலாம் என்று கருதிய வேலைக்கு ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் சென்றன. இடையிலே போர் மூண்டது; கோபுரங்களின் உச்சியிலிருந்து தொலைகாட்டியால் நோக்கும் இவர்களை ஒற்றரென்று மக்கள் ஐயுற்றனர்.

இதுவரை எனக்குத் தெரியும். இதன் மறுபாதியைப் பின்னரே அறிந்தேன். கென் ஆல்டர் என்னும் வரலாற்றாசிரியர் இப்பயணம் பற்றி 2002இல் ஒரு நூல் வெளியிட்டார். சில ஆண்டுகள் கழித்து அதில் சொல்லப்பட்ட செய்தியைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

மெஷேன் மிகுந்த கவனமுடையவர். பார்சலோனாவுக்கு அருகே மொன்சூயிக் குன்றிலிருந்து விண்மீன்களை நோக்கி அகலக்கோட்டைக் கணித்தார். போரினால் அக்கோட்டைக்குள் மீண்டும் செல்ல முடியாதபோது நகரிலுள்ள விடுதியொன்றிலிருந்து மறுபடியும் கணித்தார். இரண்டிடத்துக்கும் இடையேயுள்ள தூரம் தெரியும். எனவே இரண்டு விடைகளும் பொருந்தவேண்டும். பொருந்தவில்லை. ஏறத்தாழ மூன்று விகலை வேறுபாடு; நிலத்திலே அது சுமார் நூறு மீற்றர். எங்கே பிழைத்தது என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் அதனை எவருக்கும் சொல்லவில்லை. குறிப்புகளைச் செம்மைப்படுத்தி, முரண்படாதவை போற் காட்டிக் கொடுத்தார். 1799இல் பிளாற்றினத்தாலான மீற்றர் செய்யப்பட்டுப் பாரிஸ் ஆவணக் காப்பகத்தில் வைக்கப்பட்டது. உலகம் அவரைப் போற்றியது; அவர் மட்டும் உள்ளுக்குள் எரிந்துகொண்டிருந்தார். அளவையை மேலும் தெற்கே நீட்டவேண்டும் என்று கூறி மறுபடியும் ஸ்பெயினுக்குச் சென்றார்; 1804இல் அங்கேயே காய்ச்சலால் இறந்தார்.

அவருடைய கையெழுத்துக் குறிப்புகள் தெலாம்பரின் கைக்கு வந்தபோதே உண்மை தெரிந்தது. தோழரைத் தூற்றாமலும் உண்மையை அழிக்காமலும் அந்தக் குறிப்புகளைத் தெலாம்பர் பாதுகாத்து வைத்தார். பிற்காலத்து அறிஞர் ஆராய்ந்து, மெஷேனின் கவனக்குறைவு அன்று, கருவியின் இயல்பே வேறுபாட்டுக்குப் பெரிதும் காரணம் என்று கண்டனர். ஒரே கருவியால் பலமுறை அளந்து விடைகள் தம்முள் ஒத்துப்போகலாம். ஆயினும் யாவும் ஒருங்கே உண்மையிலிருந்து விலகியிருக்கலாம். நுண்மை வேறு, செம்மை வேறு என்னும் இவ்வேறுபாடு அக்காலத்தில் தெளிவுபெற்றிருக்கவில்லை. மெஷேன் தம் முரண்பாட்டை வெளியிட்டிருந்தால் அது விஞ்ஞானத்துக்குக் கொடையாகியிருக்கும். மறைத்ததனால் அவருக்கு நோயாயிற்று.

இதில் ஓர் ஐரணியும் உண்டு. பூமி துருவத்தில் எவ்வளவு தட்டையானது என்று கணித்ததிலிருந்த குறையே மீற்றரைப் பெரிதும் பாதித்தது. அதனால் அது எண்ணியதிலும் ஏறத்தாழ 0.2 மில்லிமீற்றர் குறுகிப்போயிற்று. துருவத்திலிருந்து மத்தியகோட்டுக்கு உள்ள தூரம் 10,000 கிலோமீற்றர் அன்று, ஏறத்தாழ 10,002 கிலோமீற்றர். பூமியை அளந்து செய்த முதற் கோலும் நுனி தேய்ந்த கோலே!

ஆசாரியாரின் பட்டறையில்

மறுவாரம் பழைய ஊருக்குப் போனேன். பட்டறையைக் கண்டுபிடிப்பது கடினமாக இருக்கவில்லை. தலை நரைத்த ஒருவர் பலகை அளந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, "வாங்கோ சேர், இருங்கோ" என்று கதிரையைத் துடைத்து வைத்தார். கொண்டுபோயிருந்த கோலை அவர் முன்னே வைத்து, நடந்ததைச் சொல்லி, "அன்று நீர் அளந்ததுதான் சரி. எனக்கு அது இரண்டு நாளில் தெரிந்துவிட்டது. சொல்லாமல் விட்டுவிட்டேன்" என்றேன்.

அவர் கோலை எடுத்து நுனியைத் தடவிப் பார்த்தார்.

"எனக்கு அண்டைக்கே தெரியும் சேர். பக்கத்துத் தடியோடை நிமித்தி வைச்சுப் பாத்தனான். ஒரு நெல்லளவு கட்டை."

"அப்போது ஏன் சொல்லவில்லை?"

"நீங்கள் கேக்கேல்லை."

அவர் குரலில் கோபம் இருக்கவில்லை. நான் வாய் திறக்க மாட்டாது இருந்ததைக் கண்டு பேச்சை மாற்றுவார்போலத் தம் உருக்கு நாடாவை நீட்டினார். அதன் நுனிக் கொக்கி சற்று ஆடியது. "இது தளர்ந்துவிட்டதா?" என்று கேட்டேன். சிரித்தார். "இல்லைச் சேர், அது ஆடத்தான் வேணும். வெளி விளிம்பிலை கொழுவி இழுத்தால் வெளியாலை வரும். உள்ளுக்கை முட்டவைச்சால் தன்ரை தடிப்பளவு உள்ளுக்கை போகும். ரெண்டு பக்கமும் கணக்குச் சரி." பூச்சிய வழுவைப் பற்றி முப்பது ஆண்டுகள் கற்பித்தவனுக்கு, அந்த வழு நேராதபடி கொக்கியிலேயே வைத்த நுட்பம் அன்றுதான் தெரியவந்தது. கற்பித்தவர் நான் வெட்டிய மாணவர்.

புறப்படுகையில் ஒன்று கேட்டேன்: "அதன் பிறகு நீர் பக்கத்து மேசையைப் பார்த்து எழுதினீர் அல்லவா?" தலையை அசைத்தார். "பள்ளிக்கூடத்திலை சேர். இஞ்சை அப்பிடிச் செய்தால் கதவு பூட்டாது."

ஆசிரிய நண்பர்க்கு

எஞ்சியிருந்த சில ஆண்டுகளில் ஒவ்வொரு புதிய வகுப்பிலும் அந்தத் தேய்ந்த கோலையே முதலில் கையிற் கொடுத்தேன். சொல்லாமற் கொடுத்து அளக்கவிடுவேன். வேறுபட்ட விடை வருகையில், "ஏன் பிழைத்தது?" என்று கேட்பதை விடுத்து, "எப்படி அளந்தாய்? கோலைக் காட்டு" என்று கேட்கப் பழகினேன். இரண்டு கேள்விகளும் ஒன்று போல் தோன்றும். அவற்றின் பயன் வேறு. முதற் கேள்வி மாணவனைக் குற்றவாளியாக்கும். இரண்டாவது அவனை ஆராய்ச்சியாளனாக்கும். 15 சென்ரிமீற்றர் என்று எழுதுவதும் 15.0 என்று எழுதுவதும் ஒன்றல்ல என்பதையும் வற்புறுத்தினேன். பிந்தியது, 'மில்லிமீற்றர் வரை பார்த்தேன்' என்னும் வாக்குறுதி. பார்க்காமல் அந்தப் பூச்சியத்தை எழுதுவது பொய்.

அலகை எழுதாத விடைக்குப் புள்ளி குறைத்தால் பெற்றோர் சிலர் முறையிடுவர். அவர்களுக்கு ஒரு செய்தி சொல்வேன். செவ்வாய்க் கோளை ஆராய நாசா அனுப்பிய விண்கலம் ஒன்று 1999 செப்ரெம்பரில் அழிந்தது. தரையிலிருந்த ஒரு கணினி நிரல் உந்துகையை இறாத்தல் விசையிற் கணித்துக் கொடுக்க, மற்றொன்று அதனை நியூட்டனென்று எடுத்துக்கொண்டது. இறாத்தல் விசை ஒன்று ஏறத்தாழ 4.45 நியூட்டன். எண்கள் சரியாகவே இருந்தன, அலகு மாறியது. அத்தனை அறிஞர் கூடிய இடத்திலும் ஒருவர் கேட்கத் தவறிய கேள்வி, "இது எந்த அலகு?" என்பதே.

பாரிஸ் நகரின் பக்கத்திலுள்ள செவ்ரே என்னும் ஊரில், பிளாற்றினமும் இரிடியமும் கலந்த உருளை ஒன்று 1889 முதல் உலகத்தின் கிலோகிராமாக இருந்தது. அதன் பிரதிகளோடு ஒப்பிட்டபோது, ஒரு நூற்றாண்டில் ஏறத்தாழ 50 மைக்கிரோகிராம் வேறுபாடு காணப்பட்டது. உருளை மாறியதா, பிரதிகள் மாறினவா? வரைவிலக்கணப்படி உருளை ஒருபோதும் பிழைக்காது. அது தேய்ந்தால் உலகமே பாரமானது என்றுதான் கொள்ளவேண்டும். இந்த இக்கட்டை 2019 மே 20ஆம் திகதி உலகம் நீக்கிக்கொண்டது. கிலோகிராம் அன்று முதல் பிளாங்கின் மாறிலியால் வரையறுக்கப்படுகிறது. மீற்றர் 1983இலேயே ஒளியிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒளி வெற்றிடத்தில் ஒரு செக்கனின் 299,792,458இல் ஒரு பங்கு நேரத்தில் செல்லும் தூரமே இன்றைய மீற்றர். தேயக்கூடிய பொருள் எதனையும் விஞ்ஞானம் இப்போது அளவுகோலாக நம்புவதில்லை.

ஆசிரியனும் ஓர் அளவுகோலே. தேயக்கூடிய பொருளால் ஆனவன். அவனுக்கு முரணாக வரும் விடை எல்லாம் பிழை என்று கொண்டால், செவ்ரே உருளையைப் போல அவன் ஒருபோதும் பிழைக்கமாட்டான், வகுப்பே பிழைத்துப்போகும். ஆறாவது குழுவின் பையன் எந்த வகுப்பிலும் இருப்பான். அவன் கொப்பியில் சிவப்பு மையை இடுமுன் கோலின் நுனியை ஒருமுறை தடவிப் பார்ப்பது நல்லது.